மைக் பிடித்தவர் நாற்காலி அடுக்க வேண்டும்

காலடிப்பேட்டை சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. மைக்கைப் பிடித்தவர் யாராக இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்க வேண்டும். பாட்டுப் பாடினாலும் சரி, பிரசங்கம் செய்தாலும் சரி, ஒரே ஒரு அறிவிப்பு என்று எழுந்து இரண்டு வரி வாசித்தாலும் சரி. சட்டம் போட்டவள் ஜெமிமா. ஒரு தடவை வெளியூரிலிருந்து கோட்டும் சூட்டுமாக வந்த பிரசங்கியாரிடமே போய், "பிரதர், அந்தப் பக்கம் ரெண்டு வரிசை உங்களுது," என்று சொல்லிவிட்டாள். மனுஷன் அடுக்கிவிட்டுத்தான் காரில் ஏறினார். மறுபடி கூப்பிட்டபோது வரவில்லை, அது வேறு விஷயம்.

ஜெமிமா ராயபுரத்துக்காரி. முப்பதைத் தாண்டியவள். மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை. பகலெல்லாம் லாரி டிரைவர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை பழகிவிட்டது. சனி ஞாயிறு வந்தால் இந்தப் பிள்ளைகளோடுதான். நாளைய தலைவர்களை உருவாக்குகிறோம் என்று பேனர் கட்டி ஏ.சி. ஹாலில் வகுப்பு எடுப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. சொன்ன நேரத்துக்கு வருகிறானா, பக்கத்தில் இல்லாதவனைப் பற்றிப் பேசாமல் இருக்கிறானா, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறானா, இதைத்தான் பார்ப்பாள். இதெல்லாம் இல்லாதவன் எவ்வளவு உருக்கமாக ஜெபம் செய்தாலும் அவளிடம் செல்லாது.

அப்படிப்பட்டவள் மதி விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மதிக்கு இருபத்தொரு வயது. அவன் அப்பா ஆறுமுகநயினார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர், இந்துக் குடும்பம். மதி பிளஸ் டூவில் கணக்கில் தோற்றுப்போய் ஒரு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சிக்கு ஆள் குறைகிறது என்று ஒரு தோஸ்து வந்து இழுத்துக்கொண்டு போனான். போனவன் அங்கேயே தங்கிவிட்டான். பிறகு கணக்கையும் எழுதித் தேறி, இப்போது டிப்ளமோ படிக்கிறான். ஜெமிமா வளர்த்த பிள்ளைகளில் நேரம் தவறாதவன் அவன்தான். அவளுக்கு அவன்மேல் தனிப் பாசம்.

இவர்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம். ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்வார். மதி முதல் தடவை எழுந்தபோது, "நான் ஃபெயில் ஆனேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இங்க வந்தேன். இப்ப அவ்ளோ கஷ்டமா இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். முன்வரிசையில் தேவகிருபை அம்மாள் கொட்டாவி விட்டாள்.

கூட்டம் முடிந்ததும் ஜெமிமா அவனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடா இது, ரேஷன் கடைல அட்ரஸ் சொல்ற மாதிரி சொல்லிட்டு உக்காந்துட்ட. ஜனங்க மனசுல நிக்க வாணாமா? கொஞ்சம் உயிரோட சொல்லு."

உயிர் வந்தது. அடுத்த தடவை கெட்ட சகவாசம் வந்தது. எம்.கே.பி. நகர் கூட்டத்தில் கஞ்சா வந்தது. நெட்டுக்குப்பத்தில் ஒரு ஜெப வீட்டில் கத்தி வந்தது. மீஞ்சூரில் அப்பாவே வந்துவிட்டார். தினமும் குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றி அடிக்கும் அப்பா. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், பையன்கள் வரிசையாக முன்னால் வந்து முழங்கால் போட்டார்கள்.

கஞ்சா வந்தபோதே ஜெமிமாவுக்கு லேசாக உறுத்தியது. இவன் முகத்துக்கு பீடிப் புகையே ஒத்துக்கொள்ளாதே என்று நினைத்தாள். ஆனால் நல்லது நடக்கிறது, நோண்டிக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். அப்பா விஷயத்தை மட்டும் முழுசாக நம்பினாள். "வூட்டுக்கு வராதீங்கக்கா, அப்பா ஒரு மாதிரி," என்று அவன் சொல்லியிருந்தான், போகவும் இல்லை. மீஞ்சூர் சாட்சியை வீடியோவாக வெட்டி, பின்னால் வயலின் ஓடவிட்டு, சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டவளே அவள்தான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், ஆறுமுகநயினாரைக் குடியிலிருந்து விடுவியும் என்று பேரைச் சொல்லிச் சபையே கண்ணீர் விட்டது.

வீடியோ பரவியது. எண்ணூரில் நடக்கப்போகும் பெரிய வாலிபர் கூட்டத்துக்கு மதியைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மாலை அவன் சாட்சி, அதே மேடையில் இந்த வட்டாரத்து வாலிபர் தலைவனாக அவனை அறிவிப்பது என்று ஏற்பாடு. ஃப்ளெக்ஸில் அவன் படம் வந்துவிட்டது. அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இந்தச் சின்னச் சபையிலிருந்து அந்த மாதிரி மேடையில் இதுவரை யாரும் ஏறினதில்லை. ஜெமிமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில்தான், பெற்ற அப்பாவும் வந்து கேட்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலையில் கடையைத் தேடிப் போனாள். காலையில் போனால்தான் மனுஷன் குடிக்காமல் இருப்பார் என்று கணக்குப் போட்டு, ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள்.

கடையில் நல்ல கூட்டம். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை, வேலையாள் மாதிரி ஒருவர் நின்று துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். முதலாளி எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று ஜெமிமா உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் நின்ற மீன்காரி அங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"இன்னா அண்ணாச்சி, உம்புள்ள செல்லுல இன்னாமோ சொல்லிகினு கீறான். நீ குடிச்சிட்டு வந்து பெல்ட்டால அடிப்பியாமே. யாருகிட்ட கத உடுறான்? எம்மாம் வருஷமா உங்கையால சாமான் வாங்கிகினு கீறேன், உன் வாயில பாக்குகூட பாத்ததில்ல. அந்தச் சபைல வெள்ளிக்கிழம ஆனா உம்பேரச் சொல்லி அழுவுறாங்களாம், எங்க தெருப் பொண்ணு வந்து சொல்லுது. எனக்கு வயிறு எரியுது."

வெள்ளை வேட்டிக்காரர் நிமிரவில்லை. "புளி அரைக் கிலோ போதுமா அங்கம்மா?" என்றார்.

ஜெமிமாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் அவர், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டார்.

"நான் மதியோட சபையிலருந்து வரேங்க. ஜெமிமா."

அவர் கை தராசில் அப்படியே நின்றது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, "உக்காருங்க," என்றார். பன்னீர் சோடா ஒன்றை உடைத்து அவள் கையில் கொடுத்தார். அங்கம்மா புளியை வாங்கிக்கொண்டு, ஜெமிமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். மற்றவர்களையும் அனுப்பிய பிறகுதான் அவர் திரும்பினார்.

"வீடியோவ நீங்க பாத்துட்டீங்களா?"

"போன வாரமே பாத்தாச்சு. கடைக்கு வார ஆளெல்லாம் காட்டுதாங்கள்லா."

"மதிகிட்ட கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்க? பெத்த அப்பன் குடிகாரன்னு ஊரு முழுக்கச் சொல்லிட்டான். இல்லைன்னு நான் அவன்ட்ட போயி நிக்கணுமா?" குரல் ஏறியது, உடனே இறங்கியது. "அவன் சின்னப்பய, சொல்லிட்டான். நீங்கள்லாம் வெவரம் தெரிஞ்சவங்கதான. இந்தக் கடைக்கும் உங்க சபைக்கும் நடுவுல ரெண்டு தெரு. என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுனவங்கள்ல ஒருத்தராவது வந்து, அண்ணாச்சி, நீங்க குடிப்பீங்களான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

ஜெமிமா யார்டில் கன்டெய்னர் கதவின் சீல் நம்பரைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே விட மாட்டாள். ஒரு மனுஷனின் மானத்தை வயலின் போட்டு அனுப்பிவிட்டாள். பாதி சோடாவை அப்படியே கீழே வைத்தாள்.

அவள் எழுந்தபோது அவர் சொன்னார்: "சனிக்கிழம பெரிய மேடையாம்லா. அவன் வெள்ளச் சட்டையத் தேச்சு வைக்கச் சொல்லி அவங்கம்மாட்ட சொல்லிருக்கேன்."

ஜெமிமாவுக்குக் கோபம் வந்தால் பசி எடுக்கும். தேரடியில் நின்று நாலு பஜ்ஜி தின்றாள். மதிமேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டு முதல் இரண்டைத் தின்றாள். அடுத்த இரண்டைத் தின்னும்போது அது தன்மேல் என்று தெரிந்துபோயிற்று.

சாயங்காலம் மதி ஜெபக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். ஜெமிமா நேராக அவனிடம் போனாள்.

"உங்கப்பாவப் பாத்துட்டு வரேன். அவரு குடிப்பாரா?"

மதி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். "இல்ல," என்றான்.

"பெல்ட்டு?"

"அப்பா பெல்ட்டே போட மாட்டாருக்கா. வேட்டிதான்."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். "அப்புறம் இன்னாத்துக்குடா சொன்ன?"

"நீங்கதானக்கா உயிரோட சொல்லுன்னீங்க."

சுருக்கென்று தைத்தது. அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆமாண்டா. சொன்னது நான்தான், வீடியோ போட்டதும் நான்தான். சந்தேகம் வந்தும் கேக்காம இருந்தேன். என் தப்ப நான் சொல்லிக்கறேன். உன்னுத நீ சொல்லு."

மதி எதிர்நாற்காலியில் உட்கார்ந்தான். "ரிசல்ட் வந்த அன்னிக்கு அப்பா ஒண்ணும் சொல்லலக்கா. மறுநாளும் சொல்லல. ஒரு வருஷம், ஒரே வூட்ல. அவனைச் சாப்பிடச் சொல்லு, அவனை லைட்ட அணைக்கச் சொல்லுன்னு எல்லாம் அம்மாகிட்டதான் சொல்லுவாரு. நான் எதிர்லயே உக்காந்துகினு இருப்பேன். அதை மைக்ல எப்டிக்கா சொல்றது? அப்பா பேசலன்னு சொன்னா, இது ஒரு கஷ்டமாடான்னு கேப்பாங்க. அடிச்சாருன்னு சொன்னா ஒடனே புரிஞ்சுக்கறாங்க. அழுவுறாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு. அந்த அழுகை பொய் இல்லக்கா."

அவள் அவன் தலையைத் தொட்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"கணக்கு பாஸ் பண்ண அப்புறம்தான் பேசினாரு. இப்ப போன வாரத்துலருந்து மறுபடி பேச மாட்டேங்கறாரு," என்றான் மதி. "வீடியோவப் பாத்துட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவ எத்தினி வருஷமோ."

"சனிக்கிழம நீ மேடை ஏறக் கூடாது."

மதி சட்டென்று எழுந்துவிட்டான். "பேனர் கட்டிட்டாங்கக்கா. இப்பப் போயி பொய்னு சொன்னா என்னைய எவன் மதிப்பான்? அந்தப் பொறுப்பு கெடச்சா நான் நல்லாத்தான் செய்வேன். உங்களுக்கே தெரியும்."

"நல்லாத்தான் செய்வே. ஆனா ஒவ்வொரு தடவையும் உங்கப்பாவக் குடிக்க வெச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும். அது உனக்குப் பரவால்லையா? மொதல்ல உன்னத் தெரிஞ்சவங்க முன்னாடி உண்மையச் சொல்லு. அப்புறம் தெரியாதவங்ககிட்டப் போலாம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மீதி நாற்காலிகளை ஜெமிமாவே போட்டாள்.

அன்றைக்கே பாஸ்டர் தேவப்பிரியத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "நானும் போய்க் கேக்கலயேம்மா," என்று மட்டும் சொன்னார். அவர் முன்னாலேயே வீடியோவைச் சபைப் பக்கத்திலிருந்து நீக்கினாள். எண்ணூர்க் கூட்டத்தை நடத்தும் பிராங்கிளினுக்கு போன் போட்டாள்.

"சிஸ்டர், எல்லாச் சாட்சியிலயும் கொஞ்சம் மசாலா இருக்கத்தான் செய்யும்," என்றார் பிராங்கிளின். "ஜனங்க மனசுல தொடப்படுறாங்களா இல்லையா, அதைப் பாருங்க."

"தொடப்பட்ட ஒருத்தர் இங்க மளிகைக் கடை வெச்சிருக்காரு பிரதர். வந்து அவருகிட்ட கேளுங்க."

"நீங்க அனுப்பலன்னா போகட்டும். அந்தத் தம்பியா வந்தா நாங்க தடுக்க மாட்டோம். வரலன்னா தலைவர் பொறுப்பு வேற ஆளுக்குத்தான்."

ஜெமிமா பயந்தது இதற்குத்தான். மதி தானாகப் போய்விடுவான். போய் அந்த மேடையில் அழுதுவிட்டால், அவன் ஆயுசுக்கும் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அப்பாவும் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ராயபுரத்து வீட்டில் முழங்காலில் நின்றாள். என்ன ஜெபிப்பது என்றே தெரியவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ளும், என்னையும் பார்த்துக்கொள்ளும் என்பதைத் தவிர வார்த்தை வரவில்லை.

ஞாயிறு காலையில் அவள் சபைக்கு வந்தபோது மதி வாசலில் நின்றிருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை.

"போனியா?" என்றாள்.

"எண்ணூர் ஸ்டேஷன் வரைக்கும் போனேன்க்கா. வெளியே பேனர்ல என் மூஞ்சி. இந்தச் சட்டையப் போட்டுகினு போக முடியல. என்கிட்ட பேசாத மனுஷன் என் சட்டையத் தேய்க்கச் சொல்லிருக்காரு. அதைப் போட்டுகினு அவரை எப்டிக்கா அசிங்கப்படுத்துறது? அடுத்த ரயில்ல திரும்பிட்டேன். நேரா கடைக்குப் போயி, நாளைக்கு ஒரே ஒரு நாள் சபைக்கு வாப்பான்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழம யாவாரத்த யாரு பாப்பான்னு கேளுன்னு அம்மாகிட்ட சொன்னாரு."

சாட்சி நேரம் வந்தபோது முதலில் ஜெமிமா எழுந்தாள். விசாரிக்காமல் வீடியோ போட்டது தன் தப்பு, தெரியாத மனுஷனைக் குடிகாரன் என்று சொல்லி எல்லோரையும் ஜெபிக்க வைத்ததும் தன் தப்பு என்றாள். யார்டில் கத்துகிற தொண்டை அன்றைக்கு மைக் இருந்தும் எழும்பவில்லை. அவள் கையிலிருந்து மதி மைக்கை வாங்கினான்.

"எங்கப்பா குடிச்சதில்ல. என்னை அடிச்சதில்ல. நான் கஞ்சா அடிச்சதில்ல, கத்தி எடுத்ததில்ல. எல்லாம் பொய். நான் கணக்குல ஃபெயில் ஆனேன். அப்பா ஒரு வருஷம் என்கிட்ட பேசல. எனக்கு ரொம்ப வலிச்சுது. அந்த வலிய எப்டிச் சொல்றதுன்னு தெரியாம வேற மாதிரி சொல்லிட்டேன். இங்க வந்தப்ப நீங்கள்லாம் என் பேரச் சொல்லிக் கூப்ட்டீங்க. எனக்கு அதுலதான் ஆண்டவரு தெரிஞ்சாரு. என் சாட்சி இவ்ளோதான். அப்பா, என்னை மன்னிச்சிடுங்க."

கடைசி வார்த்தையை அவன் வாசலைப் பார்த்துச் சொன்னான். எல்லோரும் திரும்பினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆறுமுகநயினார் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அங்கம்மா. அவள்தான், கடையை உன் பொஞ்சாதி பாத்துக்கும் என்று அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நான் ஒரு வார்த்த பேசலாமா?" என்றார் அவர். "நான் உங்க ஆளு இல்ல."

பாஸ்டரே எழுந்து போய் மைக்கை அவர் கையில் கொடுத்தார். அதை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் தடுமாறினார்.

"என் பேரு ஆறுமுகநயினார். இத்தன நாளா நீங்க ஜெபம் பண்ணுனது எனக்குத்தான்."

யாரோ சிரித்தார்கள். அவர் முகத்திலும் சிரிப்பு வந்து போயிற்று.

"நான் குடிச்சதில்ல. புள்ளய அடிச்சதுமில்ல. அடிச்சாத்தான் தப்பு, பேசாம இருந்தாத் தப்பில்லன்னு நெனச்சுட்டேன். நான் வாய மூடிட்டு இருந்தது இவனுக்கு இந்த அளவுக்கு வலிச்சிருக்குன்னு இப்பத்தான் தெரியுது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவன் சொன்னது பொய்தான். ஆனா அதுக்குக் காரணம் நானும்தான். அவ்வளவுதாங்க."

அல்லேலூயா ஒன்றும் கேட்கவில்லை. மீஞ்சூரில் எழுந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முன்வரிசையில் தேவகிருபை அம்மாள் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெல்ல ஆமென் என்றாள்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். ஒருவர் இருவர் மதியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், சிலர் முகம் கொடுக்காமல் போனார்கள். எண்ணூரில் வேறொருவனைத் தலைவனாக அறிவித்தாயிற்று என்று செய்தி வந்திருந்தது. எல்லாவற்றையும் மதி வாங்கிக்கொண்டான். சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலி அடுக்க ஆரம்பித்தான். மைக் பிடித்தவள் என்ற முறையில் ஜெமிமா எதிர்ப்பக்கம் அடுக்கினாள்.

ஆறுமுகநயினார் போகவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, ஒரு நாற்காலியைத் தூக்கி இன்னொன்றின்மேல் போட்டார்.

"நீங்க எதுக்குங்க," என்று ஜெமிமா ஓடி வந்தாள்.

"மைக்குல பேசினவங்க அடுக்கணும்னு இங்க சட்டமாம்லா. அவங்கம்மாட்ட அவன் சொல்லிட்டுக் கெடப்பான்," என்றார் அவர்.

ஜெமிமா வாயை மூடிக்கொண்டு தன் வரிசைக்குத் திரும்பினாள். அவர் அடுக்கியது கன்னாபின்னாவென்று உயர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மதி பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினான்.

"அப்டி இல்லப்பா. இவ்ளோ ஒசரம் போனா சாஞ்சிடும்."

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மதி பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். வழக்கம்போல அம்மாவைத் தேடுவது மாதிரி அவர் கண் ஒரு தரம் ஹாலைச் சுற்றி வந்தது. அம்மா கடையில் இருந்தாள். நடுவில் சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

"எலே," என்றார் ஆறுமுகநயினார். "காலையில சாப்பிட்டியா?"

மதி நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"உன்னத்தாம்ல கேக்கேன். சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லப்பா," என்றான் மதி.